ஐந்து வளையக் கொசு

பொறியில் விழுந்திருந்த ஏழு கொசுக்களுக்கும் வயிறு சிவந்து புடைத்திருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. அந்த வீட்டில் கடிபட அவளை விட்டால் ஆளில்லை; அவளோ கொசுவலைக்குள் படுப்பவள், உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை.

கொசுக்களை இனம் பிரித்துப் பெயரிடுவது அவள் வேலை. கணவருக்கும் அதே வேலைதான். பதினோரு மாதத்துக்கு முன் இன்னதென்று தெரியாத ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. அதைப் பரப்பியது, காலில் ஐந்து வெள்ளை வளையங்கள் கொண்ட, எந்த நூலிலும் இல்லாத இந்தக் கொசுதான். விவரக்குறிப்பை எழுதி முடித்து, அதற்கு அவர் பெயரை வைத்துவிட வேண்டும். அந்த ஒரு வேலைக்காகத்தான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கொசு வளர்த்த அறையை அவர் இறந்த அன்று பூட்டியவள் பிறகு திறக்கவே இல்லை. பொறியைக்கூட அதன் வாசலில்தான் மாட்டியிருந்தாள். அவர் சட்டைக் கையை மடித்து, கொசுக் கூண்டுக்குள் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி, "பாவம், பசியாறட்டும்" என்பார். பிறகு தூக்கத்தில் சொறிவார். மூன்று முறை, சற்று இடைவெளி, மறுபடி மூன்று முறை. அப்போதெல்லாம் எரிந்து விழுவாள். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல்தான் அவளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

அந்த ஏழு கொசுக்களையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாள். மாலை ஐந்து மணிக்கு அங்கிருந்த பெண் போன் செய்தாள்.

"அக்கா, ஏழு கொசு வயித்துலயும் ஒரே ஆளோட ரத்தம்."

"என்னோடதா?"

"இல்லக்கா. நம்ம ஆளுங்க ரத்த விவரம் எல்லாம் ஃபைல்ல இருக்குல்ல, ஒப்பிட்டுப் பார்த்தேன். அண்ணனோடதுக்கா."

"அவரோட பழைய ரத்த சாம்பிள் எதாவது கலந்திருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு தடவை பார்த்துட்டேன். குடிச்சு ஒரு நாள்கூட ஆகலக்கா."

போனை வைத்தாள். கூடத்து வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, கடைசியில் அந்தப் பூட்டிய கதவின் அடியில் மட்டும் ஒரு கோடாக மிஞ்சும்வரை அவள் அசையாமல் நின்றாள். ஈரத்துணியும் கற்பூரத்தைலமும் கலந்த அவருடைய கடைசி நாள் வாசனை எங்கிருந்தோ கசிந்தது. கதவடியில் ஒரு விரல்கூட நுழையாது. அந்த இடுக்கிலிருந்து கொசு ஒன்று ஊர்ந்து வந்தது. பறக்க முடியாத அளவுக்கு நிறைந்த வயிறு. பின்னால் இன்னொன்று. இன்னொன்று.

உள்ளே, நகம் தோலில் உரசும் சத்தம்.

மூன்று முறை. இடைவெளி. மூன்று முறை.

பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பதினோரு மாதமாகத் தனியாக இருந்தவள், கதவில் நெற்றியை வைத்து, "வலிக்குதாங்க?" என்றாள்.

சத்தம் நின்றது.

இடுக்கில் வெளிச்சம் மறைந்தது. ஒரு கை வெளியே வந்தது. காலிப் பை போலத் தட்டையாக, வெளுத்து, மணிக்கட்டு தாண்டியும் வந்துகொண்டே இருந்தது. முழங்கை வரை மடித்த சட்டை. தரையில் மெல்லத் திரும்பி, உள்ளங்கையை மேலே காட்டியபடி நின்றது.

அதன் பின்னாலேயே வந்த ஒட்டிய வயிற்றுக் கொசுக்கள் ரத்தம் வற்றிய அந்தக் கையைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக அவள் பாதத்தில் ஏறின.