விடுக்கா

அக்கா தம்பி இருந்த அந்தப் பழைய வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, அவனைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மா முதலில் பார்த்தது அவளை அல்ல. அவள் பின்னால் இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்த மரப்பெட்டியைத்தான். பெட்டியின் முகம் முழுக்கத் திருகும் குமிழ்கள், துளைகள், துளைக்குத் துளை தாவும் வயர்கள்.

"இது என்ன மெஷினும்மா? டாக்டர் எழுதிக் கொடுத்ததா?"

"இல்லைங்க. இது என் பொழப்பு."

சினிமாவில் இருட்டு மாடிப்படியில் யாரோ நடக்கும் முன்பே நம் வயிற்றைப் பிசைகிற ஒரு சத்தம் வருமே, அதைச் செய்கிறவள் அவள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, வெறும் சத்தம். "ஊர்ல அவனவன் மனுஷங்களுக்கு உழைக்கிறான், எங்கக்கா மட்டும் பேய்ங்களுக்கு உழைக்கிறா" என்று தம்பி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அந்தத் தம்பி உள்ளறையில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். நுரையீரல் இரண்டும் கைவிட்டுவிட்டன. இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மழுப்பாமல் சொல்லிவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓயாமல் உறுமியது. அறை முழுக்க மருந்தும் ஈரப் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு அவள், அவளுக்கு அவன். வேறு நாதி கிடையாது.

மாசம் நிறைவதற்குள் பிறந்துவிட்டதால் அவனுக்கு வீட்டில் முந்திரிக்கொட்டை என்று பெயர். பஸ் நிற்பதற்குள் குதிப்பான், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான். இதிலும் தன்னை முந்திக்கொள்ளப் போகிறான் என்பதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"அந்தத் தூசி பிடிச்ச ஃபேக்டரிய விட்டு வந்துடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டியா நீ?"

"விடுக்கா."

அவனுடைய வாய்ச்சொல் அது. அவள் மருந்தைக் கைதவறிக் கொட்டினால் விடுக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டால் விடுக்கா. பரவாயில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதே, போனால் போகட்டும், எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

பெட்டியை அவள் பக்கத்து அறையில் வைத்தாள். நடுவே கதவைச் சாத்தினால்தான் அவனால் தூங்க முடியும், அவளால் வேலை பார்க்க முடியும். அவன் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று தலைமாட்டில் ஒரு மைக்கை நட்டு, அதன் வயரைக் கதவிடுக்கு வழியாக இழுத்துத் தன் ஹெட்போனில் சேர்த்தாள். அவன் மூச்சைக் காதில் மாட்டிக்கொண்டுதான் அவள் அந்த வீட்டில் வேலை செய்தாள்.

வேலை ஒரு பேய்ப் படம். டைரக்டர் போனில் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். "குரல்ல இருந்து ஆள் போயிடணும் மேடம். ஆனா குரல் போகக் கூடாது."

அதற்கு ஏற்ற கருவி அவளிடம் ஒன்றுதான் இருந்தது. ஸ்பெக்ட்ரல் ரிவெர்ப். சாதாரண ரிவெர்ப் சத்தத்தை மொத்தமாக எதிரொலித்து மொத்தமாகத் தேயவிடும், பெரிய கூடத்தில் கைதட்டினால் கேட்கிற மாதிரி. இது அப்படியல்ல. சத்தத்தை அடுக்கடுக்காகப் பிரித்துவிடும். அடிவயிற்றுக் கனம் ஒரு அடுக்கு, நெஞ்சின் முழக்கம் ஒன்று, தொண்டை ஒன்று, பல்லிலும் உதட்டிலும் உரசுவது ஒன்று, மிச்சமுள்ள மூச்சு ஒன்று. எந்த அடுக்கு எப்போது சாக வேண்டும் என்பதை அடுக்குக்கொரு குமிழால் சொல்லலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் நேராக ஒரு சின்ன விளக்கு, அடுக்கு உயிரோடு இருக்கும்வரை எரியும். இது போதாதென்று ஃப்ரீஸ் என்று ஒரு பட்டன். அழுத்தினால் பெட்டியின் கதவு சாத்திக்கொண்டது போலாகும். புதிதாக எதுவும் உள்ளே போகாது, உள்ளே இருப்பது, குமிழ்களில் வைத்த கணக்குப்படி தேயும்வரை, சுற்றிச் சுற்றி அங்கேயே கிடக்கும்.

சத்தம் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே போவதை அந்தத் தொழிலில் வால் என்பார்கள். வாலை வெட்டக் கூடாது, தானாகச் சாகவிட வேண்டும் என்பது அவள் வேலையில் கைக்கொண்ட முதல் பாடம்.

அன்றைக்கு மழை மூட்டமான மத்தியானம். பதிவு செய்து வைத்திருந்த ஒரு கதவின் கிறீச்சொலியை ரிவெர்ப்பில் செருக நினைத்தாள். மேஜையில் இரண்டு கறுப்பு வயர்கள் பின்னிக் கிடந்தன. ஒன்று ரெக்கார்டருடையது, மற்றது ஸ்பீக்கரில் கேட்பதற்காக ஹெட்போனிலிருந்து சற்று முன் கழற்றி வைத்த தம்பியின் மைக்குடையது. கவனம் குமிழ்களில் இருந்தது. கை எதையோ எடுத்துச் செருகியது. அடிக் கனம் முதலில் தேய வேண்டும், மூச்சு மட்டும் கடைசிவரை தேயவே கூடாது என்று குமிழ்களை வைத்துவிட்டு, கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"அக்கா."

ஸ்பீக்கரில் வந்தது. ரிவெர்ப்புக்குள் விழுந்து அறை முழுக்க விரிந்தது. அத்தனை அழகான சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. நல்ல சத்தம் வந்தால் விரல் யோசிக்காது. அதுவே போய் ஃப்ரீஸை அழுத்தியது.

"இருடா, வர்றேன்" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

உடனே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. வால் எங்கே போகிறது பார்க்கலாம் என்று கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கதவைத் திறந்தபோது ஆக்ஸிஜன் மெஷின் மட்டும்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவனைக் கொண்டுபோனார்கள். வந்தவர்கள் வந்தார்கள், சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள், போனார்கள். வீடு காலியான பிறகுதான் அவளுக்குப் பெட்டியின் ஞாபகம் வந்தது. யாரோ ஸ்பீக்கர் சத்தத்தை அடியோடு குறைத்துவைத்திருந்தார்கள். பெட்டியை யாரும் அணைக்கவில்லை. ஃப்ரீஸ் பட்டன் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

சத்தத்தைக் கூட்டினாள்.

இருந்தான்.

அக்கா என்ற சொல் கரைந்து, நீண்ட ஒரு "ஆ"வாக, அலை அலையாக வந்துகொண்டிருந்தது. அவள் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"நீ கூப்பிட்டதும் வராம போயிட்டேன்டா. இந்தப் பாழாப்போன பெட்டிக்கு முன்னாடி உக்காந்திருந்தேன்டா."

அலை ஒரு முறை சுற்றி வந்தது. மறுமுறை சுற்றியபோது அதன் அடியில் வேறு ஏதோ உரசியது.

"வி... டு..."

அவள் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுத்தாள். கதவு சாத்திய பெட்டி அது. உள்ளே போனது ஒரே ஒரு சொல். புதிதாக இன்னொரு சொல் முளைக்க வழியே இல்லை.

"விடு... க்கா."

பயம் ஒரு நொடிதான். அடுத்த நொடி நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. மன்னித்துவிட்டான்! தாமதமாக வந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, முந்திரிக்கொட்டை, செத்த பிறகும் தன்னைத்தான் தேற்றுகிறான்.

அதன் பிறகு அவள் சோறு தண்ணீர் மறந்தாள். டைரக்டரின் போனை எடுக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் பெட்டி முன்னால் போய் உட்காருவாள். பழைய கதைகளைப் பேசுவாள். எதைச் சொல்லி அழுதாலும் அலைக்குள்ளிருந்து அதே பதில்.

பதில் வேகமாகிக்கொண்டே போனது. விடு. விடு. விடு. அழாதே என்று அவசரப்படுகிறான் என நினைத்துக்கொண்டாள். கேட்க ஆசைப்பட்டதைத்தானே காது கேட்கும்?

ஒரு நாள் அடி அடுக்கின் விளக்கு அணைந்தது. குரலிலிருந்து வயிறு போயிற்று. பிறகு நெஞ்சின் விளக்கும் அணைந்தது. போனில் யாரோ தூரத்திலிருந்து பேசுவது போல ஆனான். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள். போன அடுக்கு திரும்பவில்லை. டைரக்டர் கேட்டபடி அவளே வைத்த கணக்கு அது, அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஃப்ரீஸை எடுத்தால் இருப்பதும் போய்விடும் என்று விரலைப் பட்டனுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகவில்லை.

ஒரு காலையில் நர்ஸம்மா ஆக்ஸிஜன் மெஷினைத் திருப்பி எடுத்துப்போக வந்தார். வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"உள்ள யாரும்மா?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"அழுவுற சத்தம் கேக்குது." அவர் குரல் தானாகத் தாழ்ந்தது. "விடு விடுன்னு யாரோ கெஞ்சுறாங்கம்மா. யாரையாச்சும் கட்டிப்போட்டு வெச்சிருக்கீங்களா?"

"அது என் தம்பி குரல். எப்பவும் அப்படித்தான் சொல்லுவான், விடுக்கான்னு..."

"அக்காவெல்லாம் ஒண்ணும் கேக்கலைம்மா. விடுன்னு மட்டும்தான் கேக்குது."

அக்கா திரும்பி நின்று கேட்டாள். முதன்முதலாக, அடுத்தவர் காதால் கேட்டாள்.

க்கா இல்லை.

என்றைக்கோ தேய்ந்து போயிருந்தது. இத்தனை நாளும் அதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தது அவள் காதுதான்.

விடு என்றால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. விடு என்றால் விடு.

எத்தனை நாளாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான்! அவள் பெட்டியிடம் ஓடினாள். உதட்டின் விளக்கு அப்போதுதான் அணைந்தது, மூச்சின் விளக்கு ஒன்று மட்டுமே எரிந்தது. ஃப்ரீஸை அழுத்தினாள். சிவப்பு அணைந்தது. சத்தம் அணையவில்லை. குமிழ்களையெல்லாம் அடிமட்டத்துக்குத் திருகினாள். இரண்டு கைகளாலும் வயர்களைப் பிடுங்கி எறிந்தாள். பெட்டியின் பிளக்கை, ஸ்பீக்கரின் பிளக்கை, எல்லாவற்றையும் உருவினாள்.

அமைதி.

அப்பாடா என்று அவள் தரையில் சரிந்தாள். வாசலில் நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"போயிட்டான்ங்க. விட்டுட்டேன்" என்று அக்கா சொன்னாள்.

அந்தச் சொல்லின் வால், பக்கத்து அறைக்குள் போயிற்று. காலிக் கட்டில் கிடந்த அறை. அங்கே போய் அது நிற்கவில்லை. மெல்லிய காற்றாக இழுத்துக்கொண்டே போனது. ஈரப் பிளாஸ்டிக் வாடை எழுந்து வந்தது.

"யாரு?"

குரல் என்று அதைச் சொல்ல முடியாது. வயிறு இல்லை, நெஞ்சு இல்லை, தொண்டை இல்லை, உதடு இல்லை. வெறும் மூச்சில் செய்த ஒரு கேள்வி.

நர்ஸம்மா மெஷினை எடுக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிப் போய்விட்டார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அறை வாசலில் நின்றாள். "நான்தான்டா" என்றாள். "அக்கா."

"யாரு?"

"அக்காடா. நீ முந்திரிக்கொட்டைடா. நான் உன் அக்கா. உன்னை விட்டுட்டேன்டா, போடா கண்ணு, போயிடுடா."

"யாரு?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போக வேண்டும் என்று தெரிந்தவன் உதட்டு அடுக்கில் இருந்தான். அக்கா என்று தெரிந்தவன் தொண்டையில் இருந்தான். இருவரும் தேய்ந்துவிட்டார்கள். இப்போது விட்டால் போவதற்கு ஆள் இல்லை. வால் மட்டும் இருக்கிறது. வாலுக்கு எங்கே போவது என்று தெரியாது.

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் எத்தனையோ முறை பதில் சொன்னாள். பாத்திரம் வைத்தாலும் அது யாரு என்று கேட்கும், இருமினாலும் கேட்கும். காய்ச்சலில் பிதற்றும் பிள்ளைக்குச் சொல்வதைப் போல ஒவ்வொரு முறையும் நான்தான்டா, அக்கா என்பாள். அது ஒரு முறைகூட நம்பவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், கைதவறி ஒரு தட்டு விழுந்தது. கலகலத்து அடங்கியது. அவள் பதிலோடு காத்திருந்தாள்.

கேள்வி வரவில்லை.

கைதட்டிப் பார்த்தாள். கதவை அடித்துச் சாத்திப் பார்த்தாள். உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தாள். எல்லாச் சத்தமும் எல்லா வீட்டிலும் அடங்குவது போல அடங்கியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போய்விட்டான். எப்படியோ வழி கண்டுபிடித்துப் போய்விட்டான். பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, மாற்றுத் துணியோடு வீட்டைப் பூட்டினாள். ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

தெருக்கள் போயின. கடைகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், ஈரத்தில் பளபளக்கும் ரோடு. எத்தனை நாள் கழித்து வெயிலைப் பார்க்கிறோம் என்று நினைத்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்தார். உறுமல் தேய்ந்து அடங்கியது.

அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவள் காதில் எதுவும் விழவில்லை.

டிரைவர் தலையைத் தூக்கிப் பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மரியாதையோடு சொன்னார்:

"நான் டிரைவர், தம்பி."