மூலை இருக்கையின் ஒயர்

எந்தப் பழைய கணினியில் கைவைத்தாலும், முதலில் எல்லா ஒயர்களையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே மறுபடி செருகி, 'டிக்' என்ற ஓசை கேட்டபின் மெல்ல இழுத்துப் பார்த்துக்கொள்வது அவனுடைய நெடுநாள் வழக்கம். அதனால் கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"என்ன டாக்டர், நாடி பேசுதா? எல்லாமே கிழடுங்க, பார்த்து ஊசி போடுங்க" என்று சிரித்துவிட்டு, காவலாளி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அவசர உதவிக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் அந்த மையம் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டது. இங்கே மிஞ்சிய கணினிகள் பள்ளிகளுக்குப் போகவிருந்தன. அவற்றில் இருப்பதை அழித்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றுவது அவன் பொறுப்பு. ஒவ்வொன்றின் முன்னும் உட்கார வேண்டியதில்லை. கண் திறவாத குஞ்சு, கூட்டின்மேல் எந்த நிழல் விழுந்தாலும் தாய் என்று நம்பி வாய் திறப்பதுபோல, வெறுமையாக்கப்பட்ட கணினி விழித்தவுடன் ஒயர் வழியே தனக்கொரு முகவரி கேட்டுக் கூப்பிடும். அவனுடைய மடிக்கணினி பதில் சொல்லி, முகவரி கொடுத்து, லினக்ஸை ஊட்டத் தொடங்கும். கூப்பிட்டது எது என்பது மடிக்கணினியின் திரையில் ஒரு வரியாக வந்து விழும்.

விசிறிகள் வரிசையாக முனகின. சூடேறிய தூசியின் மணம் கூடமெங்கும் பரவியது. வெளியே மாலை மழை கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த ஒரு கணினியை மட்டும் அவன் தொடாமல் கடைசிக்கு ஒதுக்கியிருந்தான்.

அந்த மூலைக் கணினியின் பெயரில் ஒரு வரி விழுந்தது.

எழுந்து போய்க் குனிந்து பார்த்தான். அதற்கு மின்சாரம் கொடுக்கப்படவில்லை. ஒயரும் செருகப்படாமல் மேசைக்கடியில் தொங்கியது. அதன் நுனியில் ஒரு நீர்த்துளி திரண்டு, நீண்டு, தரையில் விழுந்தது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்தான். கூரை உலர்ந்திருந்தது.

அது அவனுடைய அக்கா உட்கார்ந்து அழைப்புகளை எடுத்த இருக்கை.

அழைப்புகளும் அதே ஒயரில்தான் வந்துகொண்டிருந்தன. சில வருடங்களுக்கு முன், அவன் இங்கே ஒயர்களைச் சரிபார்க்க வந்திருந்த அன்றும் மழை. சீக்கிரம் வீட்டுக்குப் போகும் அவசரத்தில், வேலை நேரத்திலேயே, யாரிடமும் சொல்லாமல் அவன் ஓர் ஒயரைப் பிடுங்கினான். ஆளில்லாத இருக்கைக்குரியது என்று நினைத்துக்கொண்டான். சுரங்கப்பாதை வெள்ளத்தில் காருக்குள் சிக்கிய ஒரு பெண் அப்போது அக்காவிடம், "தண்ணி உள்ள வருதுங்க, பாப்பா இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க இருக்கீங்க?" என்று அக்கா கேட்ட கணத்தில் இணைப்பு அறுந்தது. காரைக் கண்டுபிடித்தபோது தாயும் குழந்தையும் உயிரோடு இல்லை. அக்கா தவறான பொத்தானை அழுத்திவிட்டாள் என்று விசாரணை முடிவு கட்டியது. அவன் வாய் திறக்கவில்லை. அவளுக்கு வேலை போயிற்று. இன்றும் மழை பெய்தால், கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாள்.

மடிக்கணினியில் இன்னொரு வரி. மூலை. மறுபடியும் மூலை. பாதியில் இருந்த மற்றத் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டு, அந்த ஒரே வரியை ஏந்தி நின்றன. விசிறிகள் ஓய்ந்தன. அந்த அமைதியில், மூலைத் திரையில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து, நீருக்கடியில் யாரோ மூச்சுவிடுவது போன்ற குமிழ் ஓசை.

சேற்று வாடை. பெட்ரோல் வாடை.

கதவை நோக்கி ஓடினான். கைப்பிடி வரை போய்விட்டான். வெளியே காவலாளியின் இருமல் கேட்டது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், தப்பிவிடலாம். அக்கா மட்டும் இன்றிரவும் விழித்திருப்பாள்.

கைப்பிடியை விட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்து அக்காவை அழைத்தான்.

"என்னடா, மழையில மாட்டிக்கிட்டியா?"

"அக்கா... அன்னிக்கு லைன் கட்டானது உன்னால இல்ல. நான்தான் ஒயரைப் புடுங்கினேன். தெரிஞ்சும் சொல்லலக்கா."



"இத்தனை வருஷமாடா? நான் தூங்காம கிடந்ததைப் பக்கத்து ரூம்லேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தியேடா, பாவி."

"மையத்துல நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்க்கா. உன் பேரு..."

"இரு." அவள் குரல் மாறியது. "உன் பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லக்கா."

"இருக்காங்க. அந்தக் குரல் எனக்குத் தெரியும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பேரை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். என் சீட்ல போய் உக்காரு. ஹெட்போனை மாட்டு. அன்னிக்கு நான் கேட்ட கேள்வியை நீ கேளு. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காத."

நடந்தான். காலணிக்குள் நீர் புகுந்தது. தரை முழுவதும் நீர். கணுக்கால் அளவு. கறுப்பாக.

உட்கார்ந்தான். ஹெட்போனின் பஞ்சு ஊறியிருந்தது. மாட்டியதும், காதிலிருந்து கழுத்து வழியாகச் சில்லென்ற சேற்று நீர் சட்டைக்குள் இறங்கியது.

தொங்கிய ஒயரை எடுத்துச் செருகினான்.

டிக்.

வழக்கப்படி மெல்ல இழுத்துப் பார்த்தான். மறுமுனையில் யாரோ, அதேபோல் மெல்ல, இழுத்துப் பார்த்தார்கள்.

"எங்க... எங்க இருக்கீங்க?"

குமிழ் ஓசை நின்றது.

மேசைக்கடியில், நீருக்குள், ஒரு கை அவன் கணுக்காலைத் தேடிப் பற்றியது. குளிர்ந்த கை. நெடுநேரம் துழாவிக் கடைசியில் பிடிமானம் கிடைத்தவரின் பிடி.

அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"சொல்லுங்க" என்றான். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

பிடி இறுகியது. பிறகு மற்றக் காலில், மிகச் சிறிய விரல்களோடு, இன்னொரு கை.