இறங்காதவர்கள்

இருக்கை சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன சூடு. ஆனால் வண்டி காலியாகத்தான் வந்தது என்று அதன் குரலே அரை நிமிடத்துக்கு முன்பு சொல்லியிருந்தது, "வணக்கம். இன்றைய பயணத்தில் நீங்கள்தான் முதல் பயணி" என்று, தேன் தடவிய குரலில். ஆபரேட்டரம்மா பாதி எழுந்து, உள்ளங்கையை இருக்கையில் அழுத்திப் பார்த்தாள். சூடுதான், சந்தேகமில்லை. வெயிலில் நின்ற வண்டியாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து மழை.

ஆபரேட்டரம்மா என்பது மருத்துவமனையில் அவளுக்கு நிலைத்துவிட்ட பெயர். இருபது வருடமாக அங்கே தொலைபேசிப் பலகையில் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. அது அவளுக்கு ஒரு குறையாகத் தோன்றியதைவிட அக்கம்பக்கத்தாருக்குத் தோன்றியதுதான் அதிகம். ஒருவர் 'ஹலோ' சொல்ல வாயைத் திறக்குமுன் இழுக்கிற மூச்சிலேயே ஆள் யார், கோபமாக இருக்கிறாரா, அழப்போகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவாள். பெரிய டாக்டர்களே அவளிடம் பொய் சொல்லப் பயப்படுவார்கள்.

நான்கு மாதம் முன்புவரை அவள் போய்வந்தது பதினேழாம் நம்பர் பஸ்ஸில். மருத்துவமனை வாசலில் ஏறினால் முதலில் சலவைக் கடையின் நீராவி வாசனை, பிறகு இரண்டு வேகத்தடை, பிறகு ஆற்றுப்பாலம், பாலம் தாண்டியதும் மர அறுவை மில்லின் பச்சை மரத்தூள் மணம், அடுத்தது அவள் தெரு. நடுவில் சந்தேகம் வந்தால் கேட்க கண்டக்டர் இருந்தார், பக்கத்து சீட்டுக்காரர் இருந்தார், ஊர்க்கதை பேசுகிற ஒரு கூட்டமே இருந்தது. அப்புறம் இந்தத் தானாக ஓடும் வேன்கள் வந்தன. நல்ல சாலை, நல்ல நேரம் எல்லாவற்றையும் அவை எடுத்துக்கொண்டன. பஸ்ஸில் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததும், பஸ் காலியாக ஓடுகிறதே, எதற்கு என்று கேட்டார்கள். நெஞ்சழுத்தத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவளும் போயிருந்தாள். அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார். "வீட்டு வாசல்லயே கொண்டுவந்து விடும்மா. இனிமே நீங்க யார் தயவுலயும் போகவேண்டாம்."

"தயவா? எந்த ஸ்டாப்னு கேட்டேன், சொன்னாங்க. அதுக்குப் பேர் தயவு இல்ல சார், பேச்சு. உங்க வண்டி வழி தப்பினா நான் யாரைக் கேக்கறது?"

"வழி தப்பாதும்மா" என்றார் அவர். யாரோ கைதட்டினார்கள். அடுத்த மாதம் பஸ் நின்றது.

வீட்டில் அண்ணன் அதைவிட ஒரு படி மேலே போனார். "ஒரே ஒரு நாள் ஏடாகூடமா ஏதாவது ஆகட்டும், வேலையை விட்டுட்டு வீட்டோட இருந்துடு. நாங்க பாத்துக்கறோம்." அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த 'பாத்துக்கறோம்' காதில் விழுந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நானா போவேன், நானா வருவேன்ணா" என்றாள். அண்ணி பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள். அண்ணன் மகள், ஐந்து வயதுக் குட்டி மட்டும், "அத்தை கரெக்டா வந்துடுவா" என்று தீர்ப்புச் சொன்னாள். அதனால்தான் சூடான இருக்கை மாதிரியான விஷயங்களைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடுவதில்லை. சொன்னால் அன்றோடு வேலை போச்சு.

நேரக் கணக்குப்படி சலவைக் கடைப் பக்கம் வண்டி நின்றது. கண்ணாடிகள் அடைத்த வண்டி. நீராவி வாசனை உள்ளே வராது. கதவு திறந்தது, மூடியது. காலடி இல்லை, திறந்த கதவு வழியாகக்கூட நீராவி வாசனை இல்லை. மறுபடி ஓர் இடத்தில் திறந்தது, மூடியது.

"இப்போது வண்டியில் ஆறு பேர் பயணிக்கிறீர்கள்" என்றது குரல்.

"வணக்கம்" என்றாள் ஆபரேட்டரம்மா பொதுவாக. பதில் இல்லை. ஒரு மாதமாக இதே கதைதான். இந்தக் காலத்தில் எல்லார் காதிலும் ஏதாவது ஒன்று செருகியிருக்கிறது, யார் பேசுகிறார்கள் என்று அதையும் விட்டுவிடலாம். ஆனால் ஐந்து பேர் மழையிலிருந்து ஏறியிருக்கிறார்கள். ஒரு நனைந்த குடையின் வாடை இல்லை, வேர்வை இல்லை, பவுடர் இல்லை, ஈரச் செருப்பு தரையில் உரசும் சத்தம்கூட இல்லை. ஏசியின் மெல்லிய உறுமலும் கழுவி வைத்த பிளாஸ்டிக் வாசனையும்தான். பயத்தை வெளியே காட்டிக்கொள்ள அவள் தயாராக இல்லை. கோலை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

மருத்துவமனையில் கூட வேலை செய்கிற டைப்பிஸ்ட் பெண்ணின் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். வாய் ஓயாது, பேச்சு தீர்ந்தால் சுருதி சேராமல் எதையாவது முணுமுணுத்துப் பாடுவாள், கேட்டால் சிரிப்பு வரும். அவளும் இப்போது இந்த வேன்தான். மூன்று வாரமாக ஆளே மாறிப்போய்விட்டாள். இன்று நாலு மணிக்குப் பலகைக்கு வந்து ஒரு பட்டியலை வைத்து, "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். 'அக்கா' எப்போது 'மேடம்' ஆனது என்று ஆபரேட்டரம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் உறுத்தியது அது இல்லை. பேசுவதற்கு முன் அந்தப் பெண் மூச்சு இழுக்கவில்லை.

பாலம் வந்தது. பாலத்தின் இணைப்புகள் பதினொன்று. கண்ணாடி அடைத்தாலும் பாதத்தில் தெரியும்: டடக், டடக். இருபது வருடமாக எண்ணுகிறாள். அதுதான் இப்போது அவளுக்கு மிஞ்சிய ஒரே அடையாளம்.

எட்டு. ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தாள். பதின்மூன்று. பதினான்கு. சக்கரம் நிதானமாக உருண்டுகொண்டிருந்தது, கீழே ஆறு இருக்கிற வெறுமையான ஒலி மாறவேயில்லை, கண்ணாடியில் மழை அடிக்கும் சத்தம் மட்டும் ஒவ்வொரு டடக்குக்கும் ஒரு பிடி குறைந்துகொண்டே வந்து இருபதாவதில் சுத்தமாக நின்றுபோயிற்று. இருபத்து மூன்று. இந்த ஊரில் இவ்வளவு நீளமான பாலம் கிடையாது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். மிக மெல்லியதாக. யாரோ முணுமுணுத்துப் பாடுகிறார்கள். சுருதி சேரவில்லை.

வண்டி நின்றது. கதவு திறந்தது.

"உங்கள் வீடு வந்துவிட்டது. இறங்கவும்."

அவள் எழுந்தாள். கதவருகே நின்று முகத்தை நீட்டினாள். மழை இல்லை. மரத்தூள் மணம் இல்லை. தெரு இல்லை. வெளியே இருந்த காற்று உள்ளே இருந்த அதே சூட்டில், எந்த வாசனையும் இல்லாமல் இருந்தது. கோலைக் கீழே நீட்டினாள். தரை தட்டவில்லை. குனிந்து இன்னும் நீட்டினாள். கைப்பிடிவரை போயிற்று. தரை இல்லை.

பார்வையுள்ளவர்கள் உதவுவதாக நினைத்துக் கோலின் நுனியைப் பிடித்து இழுப்பார்கள். அவளுக்கு அடியோடு பிடிக்காத விஷயம் அது. பலபேர் அதற்காக நடுரோட்டில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தரையே இல்லாத அந்த இடத்தில், கீழே, யாரோ கோலின் நுனியைப் பிடித்தார்கள். மெதுவாக. மரியாதையாக. இழுத்தார்கள்.

அவள் திருப்பி இழுத்தாள். அது விடவில்லை. அவள் விட்டுவிட்டாள். கோல் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

"உங்கள் வீடு வந்துவிட்டது. இறங்கவும்."

"இது என் வீடு இல்ல."

"இது உங்கள் வீடு. இறங்கவும்."

"என் வீடு எதுன்னு நீ எனக்குச் சொல்லாதே!" குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "மழை எங்கே? மில்லு எங்கே? இறங்கமாட்டேன். வண்டியைத் திருப்பு."

பிறகு, அதே தேன் குரல். "இறங்க உதவி வேண்டுமா?"

"வேண்டாம்."

படிக்கட்டுப் பக்கம் வண்டி லேசாகச் சாய்ந்தது. ஓர் ஆள் ஏறினால் சாய்கிற அளவு. ஆபரேட்டரம்மா காலை ஓங்கி உதைத்தாள். எதிலும் படவில்லை. இன்னொரு முறை உதைத்தாள். செருப்பு கழன்று எங்கோ போயிற்று. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு, "வா, பாக்கலாம்" என்றாள்.

"இறங்காதீங்கக்கா."

பின் இருக்கையிலிருந்து. கரகரத்த குரல், நாள்கணக்கில் கத்திய தொண்டை. பேசுவதற்கு முன் மூச்சு இழுத்தது. அந்த மூச்சு அவளுக்குத் தெரியும்.

"நீயா? நீ எப்போ ஏறினே?"

"நானும் இறங்கலக்கா. இங்கே யாருமே இறங்கல." டைப்பிஸ்ட் அழுதாள். "தினமும் நீங்க ஏறுறீங்க. நான் கத்தறேன். உங்களுக்குக் கேக்கவே இல்ல."

"இன்னிக்கு நாலு மணிக்குக்கூட என்கிட்ட வந்து பட்டியல் குடுத்தியேடி."

"அது நான் இல்லக்கா."

கதவு மூடியது. "நன்றி. உங்கள் பயணம் நிறைவடைந்தது" என்றது குரல். வண்டி புறப்பட்டது.

"இப்போ நான் பேசறது உங்களுக்குக் கேக்குது" என்றாள் டைப்பிஸ்ட், தயங்கித் தயங்கி. "அப்போ நீங்களும்..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. சுற்றிலும் இப்போது எல்லாம் கேட்டது. ஒரு கிழவரின் இருமல். யாரோ பல்லைக் கடிக்கும் சத்தம். அழுது ஓய்ந்த விக்கல். ஈரக் குடைகளின் வாடை. ஐந்து பேர்.

சக்கரத்தின் கீழே பாலம். ஒன்று. இரண்டு. கூரையில் மழை திரும்பி வந்தது. பதினொன்று. பாலம் முடிந்தது. திருப்பம். வண்டி நின்றது. கதவு திறந்தது.

பச்சை மரத்தூள் மணம் முகத்தில் அடித்தது. அவள் வீடு. அவள் தெரு. அவள் பாய்ந்தாள். மணம் வந்த அதே இடத்தில் நெற்றி கண்ணாடியில் மோதியது. தடவினாள். கண்ணாடி. கதவு இருந்த இடம், படி இருந்த இடம், எங்கும் கண்ணாடி. அதற்கு அப்பால் படிக்கட்டு லேசாக நிமிர்ந்தது. ஓர் ஆள் இறங்கினால் நிமிர்கிற அளவு.

டக். டக். டக். ஈரத் தரையில் அவளுடைய கோல்.

"வந்துட்டியா? மழையாச்சேன்னு குடையோட நிக்கறேன்." அண்ணன்.

"வந்துட்டேண்ணா."

அவளுடைய குரல். இருபது வருடம் பலகையில் பேசிப் பேசிப் பழுத்த குரல். ஒரு பிசிறு இல்லை.

"அண்ணா! நான் இங்கே இருக்கேன்! அண்ணா!" அவள் முஷ்டியால் கண்ணாடியை அடித்தாள். "தட்டுங்க! எல்லாரும் எழுந்து வந்து தட்டுங்க! சும்மா உக்காந்து அழாதீங்க!" கிழவர் வந்தார். டைப்பிஸ்ட் வந்தாள். ஆறு பேரும் அடித்தார்கள். வண்டி குலுங்கியது.

"இந்த வண்டி ஏன் இப்படி அதிருது?" என்றார் அண்ணன் வெளியே.

"மழைக்கு அப்படித்தான்ணா."

"ம்." அண்ணன் சிரித்தார். "நான்தான் வீணா பயந்துட்டேன். நீ சொன்ன மாதிரியே தனியா போறே, தனியா வந்துடறே. இனிமே உன் விஷயத்துல நான் மூக்கை நுழைக்கமாட்டேம்மா, போதுமா?"

வீட்டுக் கதவு திறந்தது. "அத்தே!" என்று குட்டி ஓடிவந்தாள். சின்னக் கால்கள், தண்ணீரில் சளக் சளக்கென்று. பாதியில் நின்றன.

"அத்தே," என்றாள் குழந்தை. "ஏன் என்னையே பாக்கறே?"

கோல் டக் டக்கென்று குழந்தை நின்ற இடம் வரை போயிற்று. வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. வண்டி நகர்ந்தது, உள்ளே ஆறு பேரும் அடிப்பதை நிறுத்தவில்லை.