கழுதை வந்த பக்கம்

இடது முழங்கையில் கழுதையின் மூச்சு சுடச்சுடப் பட்ட பிறகுதான் அங்கே ஒரு கழுதை நிற்கிறது என்பதே யாகப்பருக்குத் தெரிந்தது. மன்னார் றோட்டில் கழுதை நிற்பது அதிசயமில்லை. ஹோர்ன் அடித்தாலும் காதைக்கூட ஆட்டாத சாதி அது. அதிசயம் வேறு. பஸாரிலிருந்து பள்ளிமுனைக்குப் போகிற அந்த றோட்டை அவர் முழுதாகப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டோ ஓட்டி வந்து ஓரமாக நிறுத்தினார். வெயில் இன்னும் இறங்கவில்லை. தாரும், கரையோர வெள்ளை மணலும், உடைமரங்களும், காற்றில் உருண்டு போகிற பொலித்தீன் பையும் தெளிவாகத் தெரிந்தன. கழுதை மட்டும் இல்லை. இல்லாத இடத்திலிருந்து அது தலையை உள்ளே நீட்டி, கருவாட்டுச் சாக்கை மணந்து பார்த்துவிட்டு, திரும்பவும் இல்லாத இடத்துக்கே போய்விட்டது.

யாகப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். றோட்டுக்கு இடப்பக்கம் சேமக்காலையின் மதில். அதற்கு மேலால் கல்லறைச் சிலுவைகள் எட்டிப் பார்த்தன.

அன்றிலிருந்து அந்த இடப்பக்கம் ஆட்களைப் பெற்றுப் போடத் தொடங்கியது. வெறும் வெளியிலிருந்து ஒரு சைக்கிள்காரன் முளைத்து, தூஷணத்தால் பேசிக்கொண்டு மறைந்தான். குடை பிடித்த ஒரு சிஸ்டர் ஓட்டோவின் மூக்குக்கு முன்னால் திடீரென்று நின்றார். பின்னேரங்களில் கடை பல்புகளைச் சுற்றி வானவில் வளையங்கள் கட்டின. பார்க்க வடிவாகத்தான் இருந்தன, ஆனால் அந்த வடிவைக் கண்டு அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கடலில் போகிறவன் வலையைக் குறை சொல்வான், ஓட்டோக்காரன் ஓட்டோவைக் குறை சொல்வான். யாகப்பர் பக்கக் கண்ணாடியை மாற்றினார். முன் கண்ணாடி கீறிப்போயிருக்கிறது என்று அதையும் மாற்றினார். லைற் பல்பு மாற்றினார். அதற்கும் அடங்காமல், சுவாமியாரைக் கூப்பிட்டு ஓட்டோவை மந்திரித்தும் எடுத்தார். கராஜ் வைத்திருக்கும் வின்சன்ட், அவருடன் கோயில் பாட்டுக்குழுவில் பாடியவன், கடைசியில் பொறுக்க மாட்டாமல் சிரித்துவிட்டான்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். கண்ணாடியில ஒண்டுமில்லை அண்ணை. உங்கட கண்ணைக் காட்டிப் பாருங்கோவன்."

"எனக்கென்னடா, ஊசி கோப்பன்," என்றார் யாகப்பர்.

அது உண்மையும்கூட. நேரே பிடித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்தது. அவருடைய தகப்பன், அப்புவின் கடைசிக் காலம்தான் இடைக்கிடை ஞாபகம் வந்தது. அப்பு சுவரைத் தடவித் தடவிக் கிணற்றடிக்குப் போவார். வயது போனால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள், அப்புவும் அப்படித்தான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோளகக் காற்று வாரியடித்த மணல் அவருடைய வலது கண்ணில் விழுந்தது. மனைவி றஞ்சிதம் ஈரத் துணியொன்றைத் தந்தாள். அதை வலது கண்ணில் பொத்திக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டுக்குக் குந்தினார். மகள் டிலோஜினி எதிர்க் கதிரையில், சற்று இடப்புறமாக இருந்தாள். பஸாரில் புடவைக்கடையில் வேலைக்கு நிற்கிறவள், அன்று லீவு. மேசையில் மீன் குழம்பின் மணம். ஃபான் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. யாகப்பர் குனிந்து சோற்றைப் பிசைந்துவிட்டு நிமிர்ந்தார்.

கதிரையில் ஆளில்லை.

கதிரையும் இல்லை. இளநீலச் சுவர் ஒரு கீறல் இல்லாமல், அலுமாரியிலிருந்து திரு இருதயப் படம் வரைக்கும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. இருட்டு இல்லை, புகை இல்லை. பிள்ளை இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

"அப்பா, சொதி விடட்டோ?" என்று சுவர் கேட்டது.

சுவரிலிருந்து ஒரு கை வந்தது, வளையல் போட்ட கை. அகப்பையை அவருடைய சோற்றுக் கோப்பையில் சரித்துவிட்டு, அது சுவருக்குள் திரும்பிப் போனது.

துணியை எடுத்தார். டிலோஜினி இருந்தாள், முள்ளு எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏனப்பா பேயைக் கண்ட மாதிரிப் பாக்கிறீங்கள்?" என்றாள். அவர் ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு, ஒருவரும் பார்க்காத நேரங்களில், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி மூடிப் பார்த்தார். கிணறு போனது. தென்னை போனது. மற்றக் கண்ணை மூடினால் வேறு ஏதோ போனது, அளவில் கொஞ்சம் சின்னதாக. இரண்டையும் திறந்தால் ஒன்று மற்றதின் களவை மறைத்துவிட்டது.

கடைசியில் ஒருநாள் பின்னேரம், ஓட்டோவை பஸார் ஸ்ராண்டில் விட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் நடந்தே கண் டொக்டரிடம் போனார். றினோஸா என்கிற அந்த டொக்டர் மகளின் வயதுப் பிள்ளை. கண்ணுக்கு மருந்து விட்டு, வெளிச்சம் பாய்ச்சி நெடுநேரம் பார்த்தாள்.

"பக்கத்தால வாற ஆக்கள் திடீரெண்டு முளைச்ச மாதிரித் தெரியுதோ ஐயா?"

தன்னோடு ஓட்டோவில் இருந்து பார்த்தவள்போல அவள் கேட்டதும் யாகப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓம்."

"லைற்றைச் சுத்தி வளையம்?"

"ஓம்."

"வீட்டில ஆருக்கும் பார்வை போனதோ?"

"எங்கட அப்புவுக்கு. வயசு போனா அப்பிடித்தானே டொக்டர்."

"இல்லை ஐயா. வயசு போனா அப்பிடியில்லை. அது ஒரு கண் வருத்தம், பரம்பரையா வரும். உங்களுக்கும் கனகாலமா இருந்திருக்கு."

"குருடெண்டா இருட்டாயெல்லே இருக்கோணும்? எனக்கு றோட்டு முழுக்கத் தெரியுதே!"

"தெரியாத இடத்தை மூளை நிரப்பிப்போடும். பக்கத்தில இருக்கிற றோட்டையே எடுத்து அதில ஒட்டிவிடும். அதாலதான் உங்கட கண்ணுக்கு ஒருத்தரும் நேரத்துக்கு வாறதில்லை." அவள் குரலைத் தணித்தாள். "போன பார்வை திரும்பாது. மிச்சத்தைப் பிடிச்சு வைக்கப் பாப்பம். ஓட்டோ எடுக்காதையுங்கோ. இண்டைக்கு மட்டுமில்லை, இனி எடுக்கக்கூடாது."

ஸ்ராண்டுக்குத் திரும்பி வந்தபோது டிலோஜினி ஏற்கெனவே ஓட்டோவின் பின் சீற்றில் ஏறி இருந்தாள்.

"எங்கையப்பா போனீங்கள்? கோயில்ல நவநாள் செபம் தொடங்கப்போகுது, அம்மா பாத்துக்கொண்டு நிப்பா. எடுங்கோ."

சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொன்னால் நாளைக்கே அவர் சுவர் தடவுகிற கிழவன். அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும்விடப் பெரிதாக வந்து நின்றது. பள்ளிமுனை பக்கத்தில்தானே, ஊர்ந்து போய்விடலாம், இன்றைக்கு மட்டும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திறப்பைத் திருப்பினார்.

டொக்டர் விட்ட மருந்தில் பொழுதுபட்ட வானம் பால்போல வழிந்தது. முன்னால் எரிந்த லைற்றுகள் ஒவ்வொன்றும் வளையம் வளையமாக வீங்கின. காற்று இரைந்தது, அதில் சேற்று மணம். தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பி, நடக்கிற வேகத்தில் போனார்.

"ஏனப்பா இப்பிடி ஊருறீங்கள்?"

சேமக்காலை மதில் வந்தது. றோட்டு வெறுமையாக இருந்தது.

அந்த வெறும் றோட்டிலிருந்து செபம் கேட்டது.

கோயில் ஸ்பீக்கராக இருக்கும் என்று நினைத்தார். இல்லை. செருப்புகள் மணலில் உரசின. ஒரு குழந்தை இருமியது. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

கிளச்சை இறுக்கிப் பிடித்து, பிரேக்கை மிதித்தார். எஞ்சின் இரைய, கியரிலேயே ஓட்டோ நின்றது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? ஹோர்ன் அடிச்சாச் சனம் விலகும்தானே."

"எங்க பிள்ளை சனம்?"

அவள் சிரித்தாள். "பகிடி விடாதையுங்கோ. ஊரே செபம் சொல்லிக் கோயிலுக்கு நடந்து போகுது. அங்க அம்மாவும் நிக்கிறா, கை காட்டுறா. நான் இறங்கி அவவோட நடக்கிறன். நீங்கள் மெதுவா வாங்கோ."

இடப்பக்கமாக இறங்கினாள். செருப்புச் சத்தம் இரண்டு அடி. பிறகு அவள் இல்லை.

யாகப்பர் தலையைத் திருப்பினார். ஒரு வெள்ளை முக்காடு. பக்கத்தில் தார். ஒரு மெழுகுதிரி, பிடித்த கை இல்லாமல். பக்கத்தில் தார். மற்றதெல்லாம் றோட்டு. யாரோ போகிறபோக்கில் ஓட்டோவின் கூரையில் தட்டினார்கள். யாரோ "என்ன யாகப்பண்ணை, நிண்டிட்டியள்?" என்று காதுக்குள் கேட்டார்கள். முகம் இல்லை.

பின்னால் லொறி ஹோர்ன். மறுபடியும் ஹோர்ன். வெளிச்சம் முதுகில் ஏறியது.

பிள்ளை என்று கூப்பிடப் பார்த்தார். காற்றுத்தான் வந்தது. திறப்பைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்ட வலது கையை நீட்டினார். திறப்பு தெரியவில்லை. தடவினார். அப்புவைப் போலத் தடவினார்.

கிளச்சைப் பிடித்த இடது கை வியர்த்திருந்தது.

வெறும் றோட்டுக்குள் இருந்து றஞ்சிதத்தின் குரல் வந்தது, நேரே முன்னால் இருந்து, சிரித்தபடி.

"வாங்கோ, வாங்கோ. இடம் இருக்கு."

கிளச்சிலிருந்து கை வழுக்கியது.

ஓட்டோ ஒரு பாய்ச்சல் பாய்ந்தது.

செபம் நின்றுவிட்டது.

முன்னால் றோட்டு அப்போதும் வெறுமையாகத்தான் கிடந்தது.