பெரிய சாடிக்கு எதிர்ப்பாட்டு

திராட்சைச் சாறு புளிக்கத் தொடங்கிவிட்டால் மண்சாடி வாயை மூடாது. அடுப்பில் வைத்து மறந்துபோன கஞ்சியைப் போல, களகளவென்று தன்பாட்டுக்குப் பொங்கிக்கொண்டே கிடக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் அறுவடையிலிருந்து லமாராவுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. எந்தச் சாடி எப்படிப் பேசும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். அன்று மதியம், தோலையும் சாற்றையும் கலக்குகிற நீளக்கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, புளித்த வாசனை மூக்கில் ஏற, மரானி என்கிற ஒயின் கொட்டகைக்குள் நுழைந்தாள். கழுத்துவரை தரையில் புதைந்திருந்த, ஆள் உயரத்துக்கும் ஆழமான சாடிகள் எல்லாம் சலசலத்தன. மூலையில் இருந்த பெரிய சாடி மட்டும் மூச்சுக் காட்டாமல் இருந்தது.

குனிந்து பார்த்தாள். மேலே மிதந்த தோல்கள் அசையவில்லை. இதென்ன கூத்து என்று கழியை உள்ளே விட்டு அழுத்தினாள். கழி பாதி ஆழம் போய் எதிலோ இடித்து நின்றது. அப்போதுதான் கீழேயிருந்து, தெளிவாக, ஒரு ஆண்குரல் பாடியது.

"மேலே யாரு, மேலே யாரு? வெயிலா மழையா?"

"வெயிலு வெயிலு, வேலையைப் பாரு!" என்று லமாரா எதிர்ப்பாட்டுப் பாடிவிட்டாள்.

வாய் முந்திக்கொண்டது, அவள் என்ன செய்வாள்? அந்தத் திராட்சைத் தோட்டச் சமவெளியில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் பாடியிருப்பார்கள். சாடி கழுவ உள்ளே இறங்குகிறவன் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே நிற்கிறவர் அடிக்கு அடி பதில் பாட வேண்டும். சாடிக்குள் தேங்கிய கெட்ட காற்று ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும் என்பதால் வந்த வழக்கம் அது. உள்ளே பாட்டு நின்றால் மேலே இருக்கிறவர் கயிற்றை இழுக்க வேண்டும். மேலே பதில் நின்றால், உள்ளே இருக்கிறவன் போட்டது போட்டபடி ஏறி வந்துவிட வேண்டும். இதில் யோசிக்க ஒன்றுமே கிடையாது, கேட்டால் பாடியாக வேண்டும்.

ஆனால் இந்தச் சாடி நிறையச் சாறு இருந்தது. அதற்குள் யார் இருக்க முடியும்?

அவள் பாடி முடித்ததும் பெரிய சாடி மற்றவற்றைப்போலவே பொங்கத் தொடங்கியது. லமாரா கழியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடினாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய மூத்தார், கணவனின் அண்ணன் ஷால்வா, இந்த அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சாடியைக் கழுவ இறங்கித்தான் செத்தார்.

மேலே நின்று எதிர்ப்பாட்டுப் பாடியவன் அவள் கணவன் எல்குஜா. சாடியைத் தேய்க்கச் சுண்ணாம்பு எடுக்கக் கொஞ்சம் நகர்ந்தேன், திரும்பி வருவதற்குள் காற்று அடித்துவிட்டது என்றான். ஷால்வாவை வெளியே எடுத்தபோது உச்சந்தலை பள்ளமாக இருந்தது. விரல்களில் நகம் இல்லை. ஏணியிலிருந்து விழுந்திருப்பான் என்று ஊர் சொன்னது. முரடர்தான் ஷால்வா. கூலிக்காரர்கள் பார்க்கத் தம்பியின் முன்பல்லை உடைத்தவர், கவாத்துக் கத்தியைத் தம்பியின் காதருகே வைத்துப் பேசுகிறவர். ஆனாலும் சாவுக்கு எல்லோரும் அழுதார்கள். பிறகு எல்குஜா அதே சாடியில் புதுச் சாற்றை ஊற்றினான். வேண்டாம் என்றவர்களிடம், "சாடி என்னய்யா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டான்.

இப்போது அவள் வந்து சொன்னதும் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "காத்து அடைச்சா சாடி சத்தம் போடும். போய் வேலையப் பாரு," என்றான். அதற்கப்புறம் மரானிக்குள் அவன் கால் வைக்கவில்லை.

பாட்டு தினமும் வந்தது. வரும்போதெல்லாம் அவள் பதில் பாடினாள். பாடினால் அடங்குகிறது, அவ்வளவுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரே ஒருமுறை, தெலாவி நகரத்தில் இருக்கும் தங்கைக்குப் பிரசவம் என்று போய்விட்டு மறுநாள் மதியம் திரும்பினாள். மரானிக் கதவு திறந்து கிடந்தது. பெரிய சாடியின் விளிம்பைச் சுற்றிலும் தோலும் கொட்டையும் சிதறியிருந்தன. அந்தச் சக்கையில் இரண்டு உள்ளங்கைகள் ஆழமாகப் பதிந்திருந்தன. ஒருவன் கையூன்றி இடுப்புவரை மேலே வந்த மாதிரி. பக்கத்தில் வீட்டு நாய் குர்ஷா கிடந்தது. அதன் மண்டை முட்டை ஓடு போல உள்ளே அமுங்கியிருந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. பதில் வராவிட்டால் அது ஏறி வரும். ஏறி வந்தால் நாயைத் தேடி வராது, அன்று பதில் பாடாமல் நகர்ந்துபோன எல்குஜாவைத் தேடித்தான் வரும். அவளுக்கு உலகத்தில் இருந்ததே அந்த ஒரு மனிதன்தான். பல் போன வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிற, தோட்டத்திலிருந்து வரும்போதெல்லாம் சட்டைப்பையில் அவளுக்கென்று ஒரு பீச் பழம் வைத்திருக்கிற மனிதன். அவனுக்காகச் சாகும்வரை பாடுவேன் என்று முடிவு செய்தாள்.

குளிர்காலத்தில் சாடிகளைக் கல்மூடி போட்டு, ஈரக் களிமண் பூசி அடைத்தார்கள். மலையிலிருந்து பனி இறங்கிக் கொடிகளை மூடியது. லமாரா முக்காலியைக் கொண்டுபோய்ப் பெரிய சாடியின் மேலேயே போட்டு, கம்பளி பின்னியபடி நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். களிமண்ணுக்கு அடியிலிருந்து, பல்லை நறநறக்கிற மாதிரி, அமுங்கிய குரலில் பாட்டு வரும். பாதத்துக்குக் கீழே கல் லேசாக அதிரும். அவள் பாடுவாள். சில காலைகளில் களிமண்ணில் உள்ளிருந்து மேலாக விரல் நீளத்துக்கு வெடிப்புகள் இருக்கும். தண்ணீர் தொட்டுப் பூசி மூடுவாள். தொண்டை கட்டியது. தேன் குடித்தாள், சாராயம் கொப்பளித்தாள். குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

பக்கத்துத் தோட்டத்து நோதார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "என்ன தங்கச்சி, புருஷன்கிட்ட பேசுறதவிட சாடிகிட்டத்தான் அதிகம் பேசுற போலிருக்கு. அவன் சண்டை போட்டானா?"

"சாடி எதிர்த்துப் பேசாதுல்லண்ணே," என்பாள் அவள். சிரிக்கத்தான் முயல்வாள்.

கோழி அறுக்கவே மனைவியைக் கூப்பிடுகிற மனிதர் நோதார். வசந்தத்தில் சாடி திறக்கிற விருந்துக்கு முதல் ஆளாக வந்தார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சுட்ட ஆட்டிறைச்சியும் மேசையில் இருந்தன. களிமண்ணை உடைக்கும் மரச்சுத்தியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். பெரிய சாடியிலிருந்து முகந்த ஒயின் தேன் நிறத்தில், ஒரு துளி கலங்கல் இல்லாமல் வந்தது. லமாரா வாய் வைக்கவில்லை, எல்குஜாவும் வைக்கவில்லை. மற்றவர்கள் இறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்க, நோதார் முதலில் குடித்தார்.

"அடேயப்பா! உங்க அண்ணன் இருந்தப்பகூட இப்படி வரலடா மாப்ள," என்றார். இன்னொரு கோப்பை. பிறகு இன்னொன்று.

பிறகு பேச்சை நிறுத்தினார். கோப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தார். எழுந்து போய் மரச்சுத்தியை எடுத்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. எல்குஜாவின் பின்னால் வந்து, இரண்டு கையாலும் ஓங்கி, நேராகக் கீழ்நோக்கி அடித்தார். கிணற்றுக்குள் இருக்கிற ஒருவன் தலையில் அடிப்பது போல. எல்குஜா தலையைத் திருப்பியதால் அடி தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. நோதார் மறுபடி ஓங்கினார். மேசை உடைந்தது. மறுபடி ஓங்கினார். லமாரா பாய்ந்து அவர் கையைக் கடித்தாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அப்புறம்தான் சுத்தி கீழே விழுந்தது. "நான் என்ன பண்ணேன்? ஐயோ, நான் என்னடா பண்ணேன்?" என்று நோதார் குழந்தையாகத் தேம்பினார்.

எல்குஜா தோளைப் பிடித்துக்கொண்டு சுத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். வலியில் இருக்கிறவன் பார்வை இல்லை அது. அடையாளம் கண்டுகொண்டவன் பார்வை.

விருந்தாளிகள் போனதும் கேட்டாள். "நீங்கதானா?"

"பாடிக்கிட்டே ஏறி வந்தான்டி." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "நான் பதில் பாடல, அதான் ஏறினான். தல வெளிய தெரிஞ்சுது. சுத்தி கையில இருந்துச்சு. அடிச்சேன். அப்பவும் பாடினான். மறுபடி அடிச்சேன். உள்ள விழுந்தும் செவுத்தப் பிறாண்டிக்கிட்டு பாடினான்... நான் மூடியப் போட்டு அதுமேல உக்காந்துட்டேன்."

அவள் அவனை அடித்தாள். மார்பில், முகத்தில், கை ஓயும்வரை அடித்தாள். பிறகு அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்த ஒயினை வாய்க்காலில் கொட்டினார்கள். அதைக் குடித்த பன்றிகள் சாயங்காலத்துக்குள் ஒன்றையொன்று மோதி மண்டை பிளந்து கிடந்தன. சாடி காலியானதும் பாட்டு இன்னும் கணீரென்று வந்தது.

"சாடிய உடைச்சுப் போட்டுடலாங்க," என்றாள்.

"உடைச்சா எதுக்குள்ளடி இருப்பான்? வெளிய வந்துருவான்," என்றான் எல்குஜா.

ஆகவே அவள் பாடினாள். கொடிகள் பூத்தன, காய் பிடித்தன. அவள் தொண்டையில் கம்பியை விட்டுச் சுழற்றுவது போல வலித்தது. எச்சிலில் ரத்தம் வந்தது. தூக்கத்திலும் பாடினாள். கோடையின் உச்சத்தில், ஒரு நண்பகலில், அது முடிந்தது.

"மேலே யாரு, மேலே யாரு? வெயிலா மழையா?"

லமாரா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"மேலே யாரு?"

மறுபடி முயன்றாள். ஒன்றுமில்லை. ஒரு முனகல்கூட இல்லை.

கீழே, சாடியின் அடியில், மண்சுவரில் ஏதோ உரசியது. நிதானமான உரசல். கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம் மேலே. அழுகிய பழ வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது, பழைய ரத்தத்தின் துரு வாசனை. அவள் தோட்டத்துக்கு ஓடினாள். எல்குஜாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தொண்டையைக் காட்டினாள். அவனுக்குப் புரிந்தது. வருகிற வழியில் அவன் மரச்சுத்தியை எடுத்துக்கொண்டான்.

உரசல் சாடியின் கழுத்துக்கே வந்துவிட்டிருந்தது. பாடுங்க, பாடுங்க என்று அவள் உதட்டால் கெஞ்சினாள்.

எல்குஜா பாடினான். அண்ணனுக்கு எப்போதும் பாடுகிற அடிக்குரலில், நடுங்கிக்கொண்டே. "வெயிலு வெயிலு... வேலையைப் பாரு."

உரசல் நின்றது. பிறகு பாட்டில்லாமல், பேச்சுக் குரலில், மிக அருகிலிருந்து:

"தம்பி, நீயாடா? எங்கடா போயிருந்த இவ்வளவு நாளா? ஏணியப் போடு."

எல்குஜாவின் கண்களில் நீர் கொட்டியது. முகம் மட்டும் கோணிக்கொண்டு கெட்டியானது. "அன்னிக்கு அரைகுறையா விட்டுட்டேன்," என்று பல்லைக் கடித்தான். ஏணியை உள்ளே இறக்கினான். லமாரா அவன் இடுப்பைப் பிடித்துத் தொங்கினாள். உடையாத தோளால் அவளைத் தள்ளிவிட்டான். சுத்தியோடு இறங்கினான். தலை மறைந்தது.

அடி விழுந்தது. ஈரமான சத்தம். மறுபடி. எல்குஜா கத்தினான், வெறியில் கத்துகிற கத்தல். மறுபடி அடி. எதுவோ நொறுங்கியது. அடிகள் வேகமாயின. பிறகு ஒழுங்காயின, இருவர் மாறி மாறி இடிக்கிற உலக்கை போல. கத்தல் மாறியது. வலியில் கத்துகிற கத்தல். லமாரா விளிம்பில் படுத்து உள்ளே கையை நீட்டினாள். இருட்டு. சூடாக ஏதோ கையில் தெறித்தது.

அடி நின்றது.

"மேலே யாரு, மேலே யாரு? வெயிலா மழையா?"

அவள் கணவனின் குரல்.

லமாரா வாயைத் திறந்தாள். தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. கல்லை எடுத்து விளிம்பில் தட்டினாள். கை தட்டினாள். தரையில் தலையை முட்டினாள்.

"மேலே யாரு?" இப்போது இரண்டு குரல்கள்.

வா, ஒரு சொல், ஒரே ஒரு சொல். வரவில்லை.

ஏணி கிரீச்சிட்டது. ஒரு படி. அடுத்த படி. ஒரே ஒரு ஆளின் எடை அல்ல அது. ஏணியின் நுனி அவள் முகத்துக்கு முன்னால் நடுங்கியது. ரத்தத்தில் ஒட்டிய முடி தெரிந்தது. முடிக்கு நடுவே உச்சந்தலை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். பள்ளத்துக்குக் கீழே எல்குஜாவின் முகம். உடைந்த பல்லைக் கையால் மறைக்காமல் பாடிக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு இருபுறமும் நகமில்லாத இரண்டு கைகள் நீண்டு வந்து விளிம்பைப் பற்றின. அவன் தலைக்குப் பின்னால் இன்னொரு தலை எழுந்தது. பாட்டு நின்றது. இருவரும் அவளைப் பார்த்து, அவளுடைய எதிர்ப்பாட்டு அடிக்காக, வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள்.