பிளம்ஸ் பழத்தில் ஈயம்

"கடைக்குப் பூட்டுப் போடப் போறாங்கம்மா" என்று சம்சுல் ஆலம் வந்து நின்றபோது ஹாஃபிஸாவுக்கு முதலில் வந்தது கொட்டாவிதான். உணவுப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் ஊர் அவரை விட்டபாடில்லை. மழை வேறு முழங்காலைப் பிடித்திருந்தது.

வட்டக்கானல் சரிவில் சம்சுல் ஆலம் பேட்டரி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அதன் கீழே இராமலிங்கத்தின் பிளம்ஸ் தோட்டம், அதற்கும் கீழே அவருடைய விடுதி. இராமலிங்கத்தின் பேத்திக்கு ரத்தத்தில் ஈயம். அவள் தின்ற பிளம்ஸிலும் ஈயம். மேலே பேட்டரிக் கடை இருக்க, ஊர் வேறு யாரைச் சொல்லும்?

"இதுல துப்பறிய என்னங்க இருக்கு? மழைத் தண்ணியில ஆசிடும் ஈயமும் எறங்குச்சு, வேர் உறிஞ்சுச்சு, பழத்துக்கு ஏறிருச்சு" என்றான் தோட்டத்துக்கு ஜீப்பை ஓட்டிய செல்வமுருகன். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

தோட்டத்தில் ஹைட்ரேஞ்சியாச் செடிகள் நீலநீலமாய்ப் பூத்திருந்தன. விடுதி முற்றத்தை ஒட்டிய மரங்களுக்கு அடியில் மட்டும் இளஞ்சிவப்பு. முற்றத்தில் விருந்தினர் குளிர்காயும் நெருப்புக்குழி. பக்கத்தில், இடித்த பங்களாவின் பழைய சன்னல்கள், பெயிண்ட் உரிந்து, விறகாய் அடுக்கிக் கிடந்தன. ஹாஃபிஸா பெருமூச்சு விட்டார். கடைப்பக்க மரத்திலும் முற்றத்து மரத்திலும் பழமும், குழியிலிருந்து சாம்பலும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று எல்லோரையும் அந்த முற்றத்திலேயே கூட்டினார்.

"ஈயம் வேரோட நின்னுக்கிற சாதி. மண்ணுல இருந்து பழம் வரைக்கும் ஏறுறது ரொம்பக் கொஞ்சம். தோல் சீவுன பழத்துல அனேகமா இல்ல. அம்புட்டும் தோல் மேல. அதுவும் கடையை ஒட்டின மரத்துல இல்ல, இந்த முற்றத்து மரத்துலதான்."

"அப்ப வேர் வழியா வரல, பழத்து மேல வந்து விழுந்திருக்கு!" என்று துள்ளினான் செல்வமுருகன்.

"ஆமா. ஆசிட் எறங்கியிருந்தா மண்ணு இன்னும் புளிச்சு, இந்தப் பூ நீலமாத்தான் இருக்கும். சாம்பல் விழுந்து மண்ணுல புளிப்பு கொறஞ்சதாலதான் செவந்திருக்கு. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் உண்டு. எரிச்சா சாம்பல்ல தங்கிரும். சாம்பலைச் சோதிச்சாச்சு, ஈயம் இருக்கு."

இராமலிங்கம் தலையைக் குனிந்தார். "விறகு மலிவாக் கெடச்சுதுங்க."

"காத்துல பறந்து இம்புட்டு ஒட்டாது. அந்தச் சாம்பலை மரத்துல தூவுனது யாரு?" என்று கேட்டார் ஹாஃபிஸா.

இராமலிங்கத்தின் மனைவி லீலா பேத்தியை இடுப்பிலிருந்து இறக்கினாள். "நான்தாங்க. பூச்சிக்கு மருந்தடிச்சா புள்ளைக்கு ஆகாதேன்னு, வெள்ளனே எந்திரிச்சு கையால தூவுவேன்."

செல்வமுருகனின் துள்ளல் அடங்கிவிட்டது. பேட்டரிக் கடையே குற்றவாளியாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்து, ஹாஃபிஸா தன்னையே நொந்துகொண்டார்.

"ஏலே செல்வமுருகா, வண்டிய எடு. புள்ளைய மதுரை ஆஸ்பத்திரிக்கு வெரசாக் கொண்டு போவோம்" என்றார் சம்சுல் ஆலம்.

ஜீப்பில் ஏறிய லீலா பேத்தியைத் தொடவில்லை. "பாய், நீங்க பிடிச்சுக்கங்க. என் கை வேணாம்."

சம்சுல் ஆலம் தன் கறுத்த விரல்களைப் பார்த்தார். "பேட்டரிக் கைம்மா இது" என்று பின்வாங்கினார்.

ஹாஃபிஸா வலிக்கிற முழங்காலோடு நடந்து, குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தார். லீலாவின் இரு கைகளையும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவினார். பிறகு குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.