முகப்பு இல்லாத ஃபோல்டர்கள்

எது முதலில் நடந்தது என்று கலைவேந்தனுக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. தங்கவேல் போன் செய்தது முதலிலா, கம்ப்யூட்டரின் விசிறிக் காற்றில் பன்னீர் வாசம் வந்தது முதலிலா? யோசிக்க யோசிக்க வரிசை கலைகிறது. அந்த ஒரு வரியை எழுதியது தன் கைதான் என்பது மட்டும் கலையவில்லை.

பாகூரில் வீட்டு முன்னறையிலேயே அவனுக்குப் பேனர் டிசைன் வேலை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சர்வராக்கி, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, அவரவர் போனிலேயே டிசைனைத் திறந்து பார்க்கும்படி வைத்திருந்தான். ஃபோல்டரில் முகப்புப் பக்கம் இல்லாவிட்டால் வெறும் பிழைச் செய்தி வந்தது, ஆட்கள் திட்டினார்கள். முகப்பு இல்லாத இடத்திலெல்லாம் பொதுவாக ஒரு பக்கம் திறக்கட்டும் என்று சர்வரின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தான். எந்தப் பக்கம்? மாதத்தில் பாதி வேலை கண்ணீர் அஞ்சலிதான். சாவு வீட்டுக்காரர்களால் காத்திருக்க முடியாது. அதையே வைத்தான். ஃபோல்டரின் பெயரையும் உள்ளே கிடக்கும் போட்டோவையும் அது தானே எடுத்துக்கொள்ளும். தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.

தங்கவேல் கரும்பு விவசாயி. புதுமனை புகுவிழா பேனருக்குப் போட்டோ மட்டும் அனுப்பியிருந்தார். டிசைன் இன்னும் முடியவில்லை.

"இன்னாபா, வூட்டுக்குப் பால் காய்ச்சச் சொன்னா எனக்கே மாலை போட்டுட்ட?" என்று போனில் சிரித்தார். "வெள்ளிக்கிழமைன்னு தேதி வேற. அன்னைக்கு வெட்டாளு வராங்க, சாவ நேரமில்லப்பா."

வெள்ளிக்கிழமை கரும்பு ஏற்றிய டிரெய்லர் வரப்பில் சாய்ந்து அவர்மேல் விழுந்தது. மகன் அஞ்சலி பேனர் கேட்டான். கலைவேந்தன் பக்கத்தைத் திறந்தான். செய்ய எதுவும் மிச்சமில்லை. துண்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவரின் கண்கள் மூடியிருந்தன. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தான். அங்கே பழைய போட்டோதான் இருந்தது, சிரித்தபடி.

மறுநாள் அவன் மனைவி ஜெயசுதா போனைக் கொண்டுவந்து நீட்டினாள். மகள் பிரியதர்ஷினியின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கென்று அவன் போட்டு வைத்திருந்த ஃபோல்டர்.

"இன்னாங்க இது? நம்ம பொண்ணுக்கு."

முகப்பு இல்லாவிட்டால் அதுதான் வரும், வெறும் டெம்ப்ளேட் என்று விளக்கினான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"தேதியும் தானா வருமா?"

அவன் போனை வாங்கிப் பார்த்தான். வரும் புதன்கிழமை என்றிருந்தது.

அந்த வரியை அழித்தான். மகளின் ஃபோல்டரில் பலூனும் கேக்குமாக முகப்பு ஒன்று செய்து வைத்தான். திறந்தால் அஞ்சலியே வந்தது. சர்வரின் ஒயரைப் பிடுங்கினான். விசிறி சுற்றித் தணிந்து நின்றது. பன்னீர் வாசம் மட்டும் அறையில் தங்கியது. போனில் அப்போதும் பக்கம் திறந்தது.

செவ்வாயன்றே இருவரையும் மூலக்குளத்தில் மச்சினி வீட்டுக்கு அழைத்துப்போனான். புதன் காலையில் டாக்டரிடம் காட்டினான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். மதியம் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், ஜன்னல்களைச் சாத்தினான், அடுப்பை மூட்டவிடவில்லை. ஒரு கையில் போன்.

மூன்று மணிக்குப் படத்தில் அவள் சிரிப்பு மறைந்தது. மடியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணி. படத்தில் கண்கள் மூடின.

"அப்பா, தூக்கம் வருது."

"வேணாண்டி. தூங்காத."

உலுக்கினான். முகத்தில் தண்ணீர் தெளித்தான். பேசச் சொன்னான். பேசினாள். பாதிச் சொல்லில் நின்றாள்.

படத்தில் காசு வந்தது.

தங்கவேலின் குடும்பம் புது வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டது. ஜெயசுதா செல்லிப்பட்டில் தாய் வீட்டில் இருக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை. சர்வரைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப்போனார். கலைவேந்தன் பாகூர் வீட்டில் தனியாக இருக்கிறான். பிரியதர்ஷினி சிறு பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, புதைத்தார்கள். அவள் பக்கம் இன்னும் திறக்கிறது, படம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. முதல் வாரம் நெற்றியில் மண் விழுந்தது. பிறகு கன்னங்களில். நேற்று மண்ணுக்கடியில் அவள் கண்கள் திறந்திருந்தன.